ரத்துப் பத்திரம்

தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸுக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
ஆறடிக்கு நாலடி என் கடை.
உமையாள் ஆச்சி உட்காருமுன்னே
கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார்.
ஈப்போ வக்கீல் இங்கிலீஷில் எழுதியது.
நாலாம் வரியில் அந்தச் சொல்:
ரிவோக்.

“இது என்ன, கேன்சலா?”

இல்லை ஆச்சி.
பஸ் டிக்கெட்டை யாரும் கேன்சல் செய்யலாம்,
ஆண்டு விழாவை மழைகூடச் செய்யும்.
இந்த வினைக்கு எழுவாய் கேட்கும்.
அது முன்னால் கொடுத்த கையாக இருக்கவேண்டும்.

கிரையத்தில் இது ஒட்டாது;
விற்றது விற்றதுதான்.
தானத்தில் ஒட்டாது.
‘பின்னிட்டு எக்காரணத்தை முன்னிட்டும்
ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை’ என்று
என் விரல்கள் தூக்கத்திலும் டைப் அடிக்கும்.
உயிலில் ஒட்டும், எழுதியவர் மூச்சு உள்ளவரை.
பவரில் ஒட்டும்.

தொண்ணூற்றெட்டு, ஆவணி.
கொழுந்தனார் தேனப்பனுக்கு எழுதிய பவர்.
கண்டனூர் வீட்டில் பதினாறில் ஒரு பங்கை
விற்க, வாடகைக்கு விட, கோர்ட்டில் நிற்க,
கேட்காமலே எனக்காகக் கையெழுத்துப் போட.

ஏஜெண்ட் இருக்கிறாரா என்றேன்.
இருவரில் ஒருவர் போனாலும்
பத்திரம் கூடவே போய்விடும், செலவில்லை.
“கல்லுக் கணக்கா இருக்காக.
அதனாலதான வந்தேன்.”

ஆச்சி சாப்பிடப் போன நேரம்
அகராதியைப் புரட்டினேன்.
அந்தச் சொல்லின் வயிற்றில் ஒரு குரல் இருக்கிறதாம்.
திரும்பக் கூப்பிடு என்பது லத்தீனில் அதன் பிறவிப் பொருள்.
ரத்து அரபியிலிருந்து கச்சேரிக் காகிதங்களோடு வந்தது;
அதற்கும் அடியில் ஒரு திருப்பம்.
நம்முடைய இசைவு?
அதற்குள்ளும் ஓசைதான்.
கொடுக்கும்போது ஒரு குரல்,
எடுக்கும்போது ஒரு குரல்,
நடுவே இருபத்தாறு வருஷம்
இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

‘நாளது தேதி முதல்’ என்று தொடங்கினேன்.
ஆச்சி என் விரலை நிறுத்தினார்.
“இன்னைக்கு முதலா?
அப்ப முகப்புக் கதவு?
மேல்மாடிக் கம்பி? அந்த நாலு தூண்?”
காரைக்குடிப் பழைய சாமான் கடையில்
விலைச் சீட்டோடு பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

இது பின்னால் பார்க்காத வினை, ஆச்சி.
பவர் இருந்தபோது செய்தது செல்லும்.
கூப்பிடலாம்.
தூணுக்குக் காது கிடையாது.

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் ஓடியது.

“என் மகனோட டாக்ஸி லைசென்ஸை
ஈப்போவுல இதே சொல்லாலதான் பிடுங்குனாக.
கடுதாசியைப் படிச்சுச் சொன்னப்ப
கார் சாவியைக் கேக்குறாகன்னு நினைச்சேன்.”

செயப்பாட்டு வினையாக வீட்டுக்குள் வந்த சொல்.
எழுபத்தோரு வயதில்
அதற்கு எழுவாயாக உட்கார்ந்திருந்தார்,
பிளாஸ்டிக் நாற்காலியில்,
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

நாலே காலுக்குப் பதிவு முடிந்தது.
கட்டை விரல் மையைத்
துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கவில்லை.

ஒன்று பாக்கி, தபால்.
வாங்கியவருக்குத் தெரியாமல்
எடுத்தது எடுத்ததாகாது.
ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிடலாம் என்றேன்.
“திருப்பி அனுப்பிருவாக” என்று
போனை எடுத்தார்.

நாலு மணி அடித்தது. அஞ்சு.
“சொல்லுங்க அண்ணமிண்டி” என்றது
வெற்றிலை மெல்லும் குரல்,
நேற்றுத்தான் பேசியதுபோல.

ஆச்சிக்கு வார்த்தை கிடைக்கவில்லை.
என்னைப் பார்த்தார்.
நான் தட்டச்சுப் பலகையைப் பார்த்தேன்.

“தம்பி,
உங்க கையில நான் குடுத்தது இருக்குல்ல.
அதக் கூப்புட்டுக்கிட்டேன்.”

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது.

எழுத்துக் கூலி அறுநூறு என்றேன்.
ஐந்நூறு எண்ணி வைத்துவிட்டு
கண்டனூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.